வடிகட்டாத எண்ணெய்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே மிஷினில் ஓடிய எண்ணெயை வடிகட்டித்தான் மறுபடி ஊற்றுவோம். வடிதுணி கிழிந்துபோனதால் அப்படியே ஊற்றச் சொன்னான் போர்மேன். இரும்புச் சீவல் குழாயை அடைத்து, எண்ணெய் நின்று, சூடேறிய டிரில் பிட் உடைந்து பக்கத்து மிஷின்காரரின் கன்னத்தில் பாய்ந்தது.

"ரத்தத்தைத் துடைச்சுட்டு வேலையப் பாருங்கடா" என்றான் போர்மேன்.

அவன் பிடரியைப் பிடித்து எண்ணெய்த் தொட்டிக்குள் முக்கினேன். "குடிச்சுப் பாருடா, சுத்தமா இருக்கான்னு!" நாலு பேர் இழுத்த பிறகுதான் விட்டேன்.

பயப்படாதே, அந்த இழுபறியில் எனக்கு உதடு மட்டும்தான் கிழிந்தது. வேலையும் போகவில்லை, தண்டனையாக வடிகட்டுவதை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சங்கு ஊதிவிட்டது. உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, வடிகட்டத்தான்.

துவைக்காமல் அனுப்பு.

உன் வீட்டுக்காரன்