சந்து நமக்கும் பாத்தியம்

என்னங்க,

நாம வாங்கப்போற வீட்டோட பழைய பத்திரமெல்லாம் தேடிப் பார்த்துட்டேன்னு வக்கீலம்மா காலையில போன் பண்ணாங்க. பக்கவாட்டுச் சந்து ரெண்டு வீட்டுக்கும் பொது வழி. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே எழுதிப் பதிவு பண்ணியிருக்காம். தன்னோட இடம்னு பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பூட்டு செல்லாது.

நகலை வாங்கிட்டு நேரா அவர்கிட்டயே போனேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சார். "எங்கப்பா இதைச் சொல்லவே இல்லையேம்மா"ன்னுட்டு அவரே பூட்டைக் கழட்டினார். அளந்தும் பார்த்துட்டேன், சக்கர நாற்காலி தாராளமா போகும்.

"முன்வாசல்ல ஒன்பது படி. எங்கம்மா ஏற முடியாத வீடு எனக்கு வேண்டாம்"னு முந்தாநாள் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனீங்களே. சந்து லேசான சரிவா ஏறிச் சமையலறை வாசல் மட்டத்துக்கே போகுது. இனி அத்தை ஒரு படிகூட ஏறாம உள்ள வந்துடலாம்.

சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன். நாலு மணிக்குக் கையெழுத்து. அடையாள அட்டையோட வக்கீல் ஆபீசுக்கு வந்துடுங்க, நான் அங்கதான் இருப்பேன்.

பி.கு: அத்தைகிட்ட நான் இன்னும் மூச்சு விடலை. நீங்களே சொல்லுங்க. தேடிப் பார்த்தே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நின்னது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க.