வழி என்று எழுத நினைத்தேன்

மதினி,

இன்று காலை என் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், உங்கள் மகள், அவள் இடுப்பில் உங்கள் பேத்தி. என் வீட்டுக்காரர் எட்டு மணிக்கே பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், அவரைச் சேர்க்கவில்லை. பீரோவை ஒழிக்கும்போது உங்கள் சேலைகளுக்கு அடியில் கிடைத்ததாம், உங்கள் மகள் ஓர் அட்டையை நீட்டினாள். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அட்டையில் என் கையெழுத்து. வரப்போகும் முதல் திவசத்துக்கு உங்கள் படத்துக்குக் கீழே அதைக் கண்ணாடி போட்டு மாட்டப்போவதாகச் சொன்னாள். நான் அட்டையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது மதினி, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர் உலகத்துக்கெல்லாம் தீபாவளியன்று லீவு. நமக்கு அது முடிந்த பிறகுதான். ஆடி பிறந்தால் உங்களுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடுக்கி முடியாது. கடைசி லோடும் போய், கம்பெனியைச் சாத்தினால்தான் திருத்தங்கலே காலை நீட்டி உட்காரும். அந்த லீவின் மூன்றாம் நாள் நாம் இருவரும் பரிசு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது நீங்கள். கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும், கூடவே நாலு வரி பாட்டு. எட்டாவது வரை படித்தவர் நீங்கள், போட்டுவிட்டீர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவள். பிரஸ்ஸிலிருந்து அவர் கொண்டுவரும் கழிவுக் காலண்டர் தாள்களைப் பார்த்து நானாக எழுத்துக் கூட்டக் கற்றவள். பால் கணக்கு எழுதத் தெரியும், பாட்டு எங்கே தெரியும்?

ஆனாலும் விடவில்லை. பழைய வளையல்களில் நூல் சுற்றித் தோரணம் செய்து தந்தீர்கள் ஒரு வருசம். சனிக்கிழமை தவறாமல் மலைக்கோயிலில் நின்ற பெருமாளைக் கும்பிடப் போகிற என்னைக் கேலி செய்து அதோடு வந்த பாட்டு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

மலையேறி மலையேறிப் போறவளே
மணிக்கொரு தரம் கும்பிட்டு வாரவளே
பெருமாளு பாவம் நின்னே இருக்காரு
அவருக்கும் கொஞ்சம் லீவு கொடு.

சாமியை இப்படியா கேலி செய்வது என்று இரண்டு நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சிரித்துவிட்டேன்.

சுனாமிக்கு முந்தின வருசம் நான் காலண்டர் தாளைச் சுருட்டி மணியாக்கி, நூலில் கோத்து, உங்கள் நடைவாசலுக்குத் திரை செய்துகொண்டிருந்தேன். சாமி படத்தில் கத்திரிக்கோல் படக் கூடாது என்பதால் ஓரத்துப் பூவும் வானமும்தான் எடுத்தேன். புரட்டாசி முழுக்க அதே வேலை. அந்தப் புரட்டாசியில்தான் நீங்கள் சனிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வருவதை நிறுத்தினீர்கள். வேலைக்குப் போகும்போதும் எங்கள் தெருவில் வராமல் பின்தெரு வழியாகப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்ன தப்பு செய்தோம், ஏன் ஒளிகிறார்கள் என்று நினைத்து நினைத்து, அந்தக் கோபத்தையே பாட்டாக்கினேன். உங்க வழி எனக்குத் தெரியும், ஒளிய வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் வாயில் வழி என்ற சொல் வளி என்றுதான் வரும். அப்படியே எழுதினேன், பார்க்க நன்றாக இல்லை. எந்த எழுத்து என்று காலண்டர் தாள்களைப் புரட்டினேன். ஒரு தாளின் மூலையில் ‘வலி’ என்று கண்ணில் பட்டது. அச்சில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அதைப் பார்த்து எழுதிவிட்டேன். அது பல் வலிக்குக் கைவைத்தியம் சொல்லும் தாள் என்பதை மேலே படித்துப் பார்க்கவில்லை.

லீவின் மூன்றாம் நாள் நீங்கள் வெறும் கையோடு வந்தீர்கள். இந்த வருசம் ஒண்ணும் செய்ய முடியலைத்தா என்றீர்கள். திரையைக் கையில் வாங்காமல் முதலில் அட்டையை வாங்கி வாய்விட்டுப் படித்தீர்கள்.

சொல்லாமப் போனாலும் மதினி
உங்க வலி எனக்குத் தெரியும்
ஒளிஞ்சொளிஞ்சு போக வேணாம்
ஒரு சொல்லு சொன்னா நானும் வருவேன்.

படித்தவர் அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள்.

“எப்படித்தா கண்டுபிடிச்ச? எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதே.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பேசாமல் நின்றேன். அந்தப் பேச்சில்லாமையைக்கூட நீங்கள் எல்லாம் தெரிந்தவளின் அமைதி என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆடியிலிருந்து அடிவயிற்றில் வலி, சீசனில் லீவு கேட்க முடியாது, ஆஸ்பத்திரி என்றால் கத்தி வைப்பார்கள் என்று பயம், என் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்றுதான் பின்தெரு. எல்லாம் கொட்டினீர்கள். மறுநாள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தீர்கள். அங்கிருந்து மதுரை. கார்த்திகையில் கட்டியை எடுத்தார்கள். தையிலே வந்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டரம்மா. மலைக்கோயிலுக்கு நான் நூற்றெட்டுச் சுற்று வேண்டியிருந்தேன், ஒன்று குறையாமல் சுற்றினேன்.

அதன் பிறகு நீங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். “சொல்லாமலே எம் வலி தெரிஞ்ச ஒரே ஆளு இவதான்.” மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னீர்கள், மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதை அடக்கம் என்றார்கள். சரியான எழுத்து எது என்று எனக்கு அந்தக் கார்த்திகையிலேயே ஆஸ்பத்திரிப் பலகைகளைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. கோயில் படியில் எத்தனை சனிக்கிழமை வாயைத் திறந்திருப்பேன். சொன்னால் உங்கள் முகம் என்னாகுமோ என்று மூடிக்கொள்வேன். பெருமாளிடம் சொன்னேன், அவரிடம் சொல்வது சுலபம். போன பங்குனியில் மாரடைப்பு என்று உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, ஓடிவருகிற வழியெல்லாம் இதுதான் நெஞ்சை அடைத்தது. சொல்லாமலே விட்டுவிட்டேனே என்று.

இன்று அட்டையைப் பார்த்ததும் இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது. கண்ணாடி போட்டு மாட்டினால் என் பொய்யும் சேர்ந்து மாட்டும். உங்கள் மகளை உட்காரவைத்து, வழியிலிருந்து பல் வலி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். உங்க அம்மா நினைத்த மாதிரி நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு எழுத்துத் தெரியாது, அவ்வளவுதான் என்றேன். பேனாவை எடுத்துத் திருத்தவும் போனேன்.

அவள் சிரித்தாள் மதினி. உங்களைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா சிரிக்கிறாளே என்று குழந்தையும் சிரித்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பிடுங்கினாள்.

“திருத்திராதீக அத்தை. நீங்க சரியா எழுதியிருந்தா எங்கம்மா எங் கல்யாணத்தைப் பாத்திருக்க மாட்டா.”

மடியில் கட்டியிருந்த கல் ஒன்று கீழே விழுந்த மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தெரியாமல் கிடைத்த பெயர்தான், ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பெயருக்குத் தக்கபடி நடக்கப் பார்க்கிறேன். தெருவில் ஒருத்தி நாலு நாள் கண்ணில் படாவிட்டால் இப்போது நான் கோபித்துக்கொள்வதில்லை. நேரே போய்க் கதவைத் தட்டி, என்ன செய்யுது என்று கேட்டுவிடுகிறேன். பாதிப்பேர் ஒன்றுமில்லை என்று காப்பி போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். பரவாயில்லை.

உங்கள் மகள் மன்னித்துவிட்டாள். ஆனால் இது உங்களுக்கும் எனக்கும் உள்ளது, உங்கள் வாயால் வர வேண்டும். கேலியானாலும் சரி, திட்டானாலும் சரி. கனவில் வந்தாவது சொல்லுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும் மதினி.