அஜந்தன் பெயரில் கழித்தது

ஓமந்தை,
12.06.2025.

அன்புள்ள கிருபனுக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உம்மை நான் அழைப்பது இதுதான் முதல் தடவை. ஐந்து வருடம் என் அரிசி மில்லில் வேலை செய்தீர். அவ்வளவு காலமும் அஜந்தன் என்று கூப்பிட்டேன். நீரும் திரும்பிப் பார்த்தீர். கட்டாரில் வெயில் கடுமை என்று, இன்னும் மில்லில் நிற்கும் உமது கூட்டாளி ரூபன் சொன்னான். சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். இங்கே சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதாது, பாதி வயல் சும்மா கிடக்கிறது. மில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடுகிறது.

நீர் ரூபனுக்கு அனுப்பிய குரல் பதிவை அவன் எனக்குப் போட்டுக் காட்டினான். "மிஸ்ஸிட்டச் சொல்லடா, என்ர சேமலாப நிதிக் காசை எடுக்க ஒரு வழி பாக்கச் சொல்லி. இஞ்ச வேலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லியிருந்தீர். அதற்குத்தான் இந்தப் பதில். வட்ஸ்அப்பில் சொல்லக்கூடிய விடயமாக இது எனக்குப் படவில்லை. ரூபனின் மைத்துனர் அடுத்த கிழமை டோஹா வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீர் கேட்பது உமது உழைப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உமது சம்பளத்தில் நூற்றுக்கு எட்டுக் கழித்து, என் பங்கு பன்னிரண்டையும் சேர்த்து, ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினேன். "மாதா மாதம் கழிக்கிறா, கண்ணாலை ஆர் கண்டது" என்று மில்லுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தவர்களில் நீரும் ஒருவர். அது உங்கள் உங்கள் பெயரில் பத்திரமாகப் போய்ச் சேருகிறது என்று அப்போது நான் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். நீரும் தலையாட்டினீர்.

அந்தப் பணத்தை எடுப்பதற்கு அஜந்தனே வந்து கைவிரல் அடையாளம் வைக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழோடு உரித்தாளர் வர வேண்டும். உமக்கு இரண்டும் பொருந்தாது. மிச்சம் ஒரு வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே நடந்ததை நீர் முதலில் அறிய வேண்டும்.

விசுவமடுவில் இருக்கும் வீரம்மா, அஜந்தனின் தாய், தை மாதம் அரசாங்க நிவாரணக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். குடும்பப் பதிவில் இன்னும் மகனின் பெயர் இருக்கிறது. அவன் யுத்தத்தில் காணாமற்போய்ப் பதினாறு வருடமாகியும் அதை நீக்கவில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் நீக்கி, மரணச் சான்றிதழும் எடுத்துவிட்டார்கள். இவரிடம் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "பேர வெட்டுனா நானே அவன வெட்டுன மாதிரி" என்பதுதான் அவருடைய பதில். வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபார்த்தபோது, உங்கள் மகனுக்கு ஓமந்தையில் ஒரு மில்லில் வேலை இருந்திருக்கிறது, 2021 வரை சேமலாப நிதி கட்டுப்பட்டிருக்கிறது, ஆகவே உங்களுக்குக் கொடுப்பனவு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருப்பார்கள். இவர் அந்த எழுதுவினைஞரின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, மில்லின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

மில்லுக்கு வந்தவருக்குக் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "மிஸ், அஜந்தன்னு ஒரு பையன் இங்க வேல செஞ்சானா?" என்று கேட்டார். பெயர், இலக்கம், பிறந்த திகதி எல்லாம் சரி. நான் சம்பளப் பதிவைத் திறந்து காட்டினேன். ஓம், செய்தவர், நல்ல வேலைக்காரன், இப்போது கட்டாரில் இருக்கிறார், சுகமாக இருக்கிறாராம் என்றேன். எழுதியிருப்பதை நம்புவது என் பழக்கம். மற்றவற்றை நான் இலகுவில் நம்புவதில்லை. அவர் உமது கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "கையெழுத்து மாறிப்போச்சு. மூட்ட தூக்குன கையில்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். பிறகு, "ஏன் மிஸ் வீட்டுப் பக்கமே வரல?" என்றார்.

"பெடியள் அப்படித்தான், அம்மா" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சம்பள நாளும் வந்தார். விசுவமடுவிலிருந்து பரந்தன், பரந்தனில் இறங்கி வவுனியா பஸ். வெறுங்கையோடு வந்ததில்லை. முறுக்கு, பொரிமா, ஒருமுறை பனியன் இரண்டு. யாராவது போனால் கொடுத்துவிடச் சொல்லி என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போவார். அரிசியில் கல்லுப் பொறுக்க வரும் தயாளினியை உமக்குத் தெரியாது, நீர் போன பிறகு சேர்ந்தவள். வாய்க்காரி. "அம்மா, உங்கட மகன் அங்க ஒரு பொம்பிளையப் பிடிச்சிட்டார் போல, அதுதான் ஒரு சத்தத்தையும் காணேல்ல" என்பாள். "புடிக்கட்டும்டி. கறுப்போ செவப்போ, பேரப்புள்ளய மட்டும் காட்டிட்டுப் போகச் சொல்லு" என்று வீரம்மா சிரிப்பார். மில்லே சிரிக்கும். ரூபன் மட்டும் அவரைக் கண்டதும் நெல் கொட்டுகிற பக்கமாகப் போய்விடுவான். அவனுக்கு வேலை அதிகம் என்று நினைத்தேன்.

சித்திரை மாதம் வந்தபோது, மகனின் படம் ஒன்றாவது பார்க்க வேண்டும் என்றார். ரூபனைக் கூப்பிட்டேன். போனில் சார்ஜ் இல்லை என்றான். சார்ஜ் போடச் சொன்னேன். படங்கள் அழிந்துவிட்டன என்றான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒரு தாய் கேக்கிறா, இதுக்கும் உமக்குப் பஞ்சியா? எடும் போனை" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். எடுத்தான்.

ஒரு பெரிய கட்டடத்துக்கு முன்னால், மஞ்சள் தொப்பியோடு நீர் நிற்கிற படம். வீரம்மா அதைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "அட, இது எங்க கிருபன்!" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். "கிருபனும் உசிரோட இருக்கானா! ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே மிஸ் கும்பிட்டேன்." அதன்பிறகு, "எம்மகன் எங்க? பக்கத்துல நிக்கிறானா?" என்று படத்தின் ஓரத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கமும் தள்ளினார். போன் அடுத்த படத்துக்குப் போனது. அதிலும் நீர்தான்.

ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னான்: "மிஸ், அவன்ர சொந்தப் பேர் கிருபன். அப்ப இஞ்ச நிண்ட எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கேக்கேல்ல, நாங்களும் சொல்லேல்ல." வேறொருவரின் அட்டை என்பதுதான் தனக்குத் தெரியும், அந்த அம்மா முதல் நாள் வரும்வரை அது யாருடையது என்று தெரியாது என்றான். நம்புகிறேன்.

வீரம்மா அழவில்லை. போனைத் துடைத்து ரூபனிடம் கொடுத்தார். "எங்க குசினியில சோறு தின்னு வளந்த புள்ள. ரெண்டு பஸ்ஸுதானே மிஸ், வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த முறுக்குப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் மறந்துவிட்டார். அதை யாரும் தொடவில்லை. கடைசியில் நான்தான் எறிந்தேன்.

அடுத்த நாளே வவுனியாவுக்குப் போய்த் தொழில் அலுவலகத்தில் நடந்ததை நானே சொன்னேன். உத்தியோகத்தர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்தப் பக்கத்தில இவ்வளவு ஒழுங்கான கணக்கு நான் காணேல்ல. ஆள் ஒண்டுதான் குறையுது" என்றார். பகிடியாகச் சொன்னார். தண்டம் இருக்கலாம், அது என் பாடு. நீர் தந்த அடையாள அட்டையை வாங்கும்போது படம் தேய்ந்திருந்தது. இலக்கத்தைப் பதிந்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் விட்டது நான்தான்.

தாயார் மரணச் சான்றிதழ் எடுத்தால் அந்தப் பணத்தை அவரே உரித்தாளராகப் பெறலாம் என்றும் உத்தியோகத்தர் சொன்னார். சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்து, விசுவமடுவுக்குப் போய் வீரம்மாவிடம் அதைச் சொன்னேன். "கிருபன் ஒழச்ச காசுக்கு எம்மகன நான் சாகடிக்கணுமா?" என்று கேட்டார். இதற்கிடையில், காணாமற்போனவர் என்று அவர் கொடுத்திருந்த முறைப்பாட்டிலும் "2021 வரை வேலையில் இருந்துள்ளார்" என்று யாரோ குறித்துவிட்டார்கள். அஜந்தனை இனித் தேடத் தேவையில்லை என்பது அதன் கருத்து. நிவாரணமும் இல்லை, முறைப்பாடும் இல்லை. நான் ஒழுங்காகக் கட்டியதால் வந்தது.

இனி அந்த மிச்ச வழி. நீர் ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். வேலை செய்தது நான்தான், இன்ன காரணத்தால் இன்னொருவரின் அட்டையைப் பாவித்தேன், அது இன்ன விதமாக என் கைக்கு வந்தது என்று மூன்றையும் எழுத வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் அவர்கள் ஏற்க மாட்டார்கள். அங்குள்ள தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பினால் மிகுதி அலைச்சலை நான் படுகிறேன். இந்த மாதக் கடைசிவரை தவணை தந்திருக்கிறார்கள். அதற்குள் வராவிட்டால், அடையாளம் உறுதி செய்ய முடியாத ஒருவர் வேலை செய்தார் என்று எழுதிக் கொடுப்பேன். பணம் அஜந்தன் பெயரிலேயே கிடக்கும், ஒருவரும் தொட முடியாது. உமது விலாசத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். யுத்தத்துக்குப் பிறகு சொந்தப் பெயரில் வெளியே வரப் பயந்த காலம் உமக்கு இருந்தது என்று ரூபன் சொன்னான். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கிருபன், மூன்றாவது கேள்வியை அலுவலகம் மட்டும் கேட்கவில்லை. போன மாதம் சம்பள நாளில் வீரம்மா திரும்பவும் வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. காசைப் பற்றியோ நிவாரணத்தைப் பற்றியோ பேசவுமில்லை. இப்படிச் சொன்னார்:

"அந்த அட்டைய அவன் களுசான் உள்பையில வச்சு நாந்தான் தைச்சேன் மிஸ். செல் விழுவுற நேரம், பங்கருக்குள்ள குந்திக்கிட்டு. எங்கயும் விழுந்துறக் கூடாதுன்னு வாய சுத்தித் தைச்சேன். அது தானா விழுந்திருக்காது. ஒன்னு அவன் பிரிச்சுக் குடுத்திருக்கணும். இல்லாட்டி இவன் பிரிச்சு எடுத்திருக்கணும். குடுத்தானா, எடுத்தானா? அது ஒன்னுதான். கேட்டு எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். படலைவரை போனவர் திரும்பி வந்தார். "பதில் வந்தா ஆள் கீள் அனுப்பிறாதீங்க. சம்பள நாள்ல நானே வந்து கேட்டுக்கிறேன்" என்றார்.

நேற்றுமுன்தினம் சம்பள நாள். எல்லோரும் காசு வாங்கிப் போன பிறகும் தயாளினி படலையில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மிஸ், அம்மாவக் காணேல்ல?" என்றாள். கடைசி பஸ்ஸும் போனது. அவர் வரவில்லை.

சத்தியக் கடதாசி உமது விருப்பம். அதற்காக நான் உம்மை நெருக்கவில்லை. அந்தத் தாய்க்கு மட்டும் வேறாக ஒரு வரி எழுதும். அவரை ஆறுதற்படுத்துவதற்காக ஒன்றும் எழுத வேண்டாம். உங்கள் மகன் சுகமாக இருக்கிறார் என்று நான் ஒருமுறை அவருக்குச் சொல்லிவிட்டேன். அது போதும். உறையை ஒட்டி அனுப்பும், நான் பிரிக்க மாட்டேன். அவர் வந்து கேட்டால் கொடுப்பேன். வராவிட்டால் தேடிக்கொண்டு போய்க் கொடுக்க மாட்டேன்.

உமது தாயார் மன்னாரில் முழங்கால் வருத்தத்தோடு இருப்பதாக அறிந்தேன். அவர் என்றைக்கும் உம்மைத் தேடி ஒரு பஸ்ஸிலும் ஏறும்படி ஆகாமல், நீர் நெடுங்காலம் சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விமலேஸ்வரி