ஆளுக்கு ஒரு தட்டு

மார்ச் 4

பெயின்ட் அறையில் புகை இழுக்கும் விசிறி நின்றுபோய் அரை நாள் பாழ். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு போஸ்டர் வந்திருக்கிறது. இரண்டு மொழியிலும் ‘நாம் ஒரே குடும்பம்’. எங்கே ஒட்டலாம் என்றேன். "கக்கூஸ்ல ஒட்டுக்கா. அங்கதான் நின்னு நிதானமா படிப்பாங்க" என்றான் தம்பி. சிரித்துத் தொலைத்தேன்.

இரும்பு பீரோ செய்ய நாடு விட்டு நாடு வந்திருக்கிறோம். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் நான், பிரஸ் பகுதி ஃபோர்மேன் அவன். நம் ஆட்கள் பத்துப் பேர், இந்த ஊர் ஆட்கள் அறுபது பேர். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அவனைக் கூட்டி வந்தவள் நான்தான்.

மார்ச் 11

தம்பியின் கை சும்மா இருக்காது. போகிற போக்கில் பின்மண்டையில் ஒரு தட்டு. "தூங்குறியாடா?" நம் ஃபேக்டரியில் அது செல்லம். தட்டு வாங்காதவன்தான் அண்ணனுக்கு என் மேல் என்ன கோபமோ என்று உள்ளுக்குள் புழுங்குவான். இங்கே தட்டு வாங்குகிறவர்களோ வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே நிற்கிறார்கள், பிறகு செய்கிறார்கள்.

வெல்டர் ஒருவன் இருக்கிறான், நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவான். நெட்டையன் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியை நன்றாகப் பார்த்தான்.

மார்ச் 15

மொழிபெயர்ப்பாளர் பெண் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மேடம், வளர்ந்த ஆள் தலையில கை வெச்சா இங்க அது அடிதான். செல்லம்னெல்லாம் ஒண்ணு கிடையாது."

தம்பியிடம் சொன்னேன். "அடின்னா என்னன்னே தெரியாத பசங்க" என்று பல்லைக் காட்டினான். கத்தித் தீர்த்துவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும்.

மார்ச் 19

எல்லோரையும் கூட்டி வைத்துத் தம்பியை மன்னிப்புக் கேட்க வைத்தேன். கடனே என்று கேட்டான். அறுபது பேரும் கம்மென்று நிற்கிறார்கள். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கோபம் தீரலைன்னா நீங்களும் ஆளுக்கு ஒரு தட்டு தட்டிக்கோங்க" என்றேன். நம் பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி குனிந்து மண்டையைக் காட்டினான்.

"இதை அப்படியே சொல்லட்டுமா?" என்று கேட்டாள் மொழிபெயர்ப்பாளர்.

"சொல்லு."

சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நெட்டையன் தலையை மட்டும் ஆட்டினான். சுமுகமாக முடிந்தது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.

மார்ச் 20

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

தம்பி பிரஸ்ஸில் தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டையன் வந்தான். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான். பின்மண்டையில் ஓங்கி ஒரு அறை. தம்பியின் முகம் பிரஸ் மேடை விளிம்பில் போய் மோதிய சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நிமிர்ந்தபோது வாயெல்லாம் ரத்தம். உள்ளங்கையில் துப்பினான், இரண்டு பல்.

அதுகூடப் பெரிதில்லை. நெட்டையனுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவனும் கையுறையைக் கழற்றிக்கொண்டு, தன் முறைக்காக. நிஜமாகவே வரிசை.

நான் ஓடிப்போய்த் தம்பி மேல் கவிழ்ந்துகொண்டேன். அடுத்தவன் கையை ஓங்கியபடி நின்றுவிட்டான். நெட்டையன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அழுதுகொண்டே சொன்னாள்: "மேடம் தட்டச் சொன்னாங்க, தட்டினேன். என் பங்கு முடிஞ்சுது. இனி எனக்கு அவர் மேல கோபம் இல்லை."

மார்ச் 21

தம்பிக்குத் தாடையில் விரிசல். மேலிடம் போனில் ஒரே வார்த்தை: "சமாளிங்க." எதை?

மார்ச் 27

சைக்கிள் ஷெட். பட்டப்பகல். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நெட்டையன் குனிந்து பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறான். தாடையில் கட்டோடு தம்பி, கையில் இரும்புக் குழாய். டேய் வேண்டாம்டா, வேண்டாம்டா என்று நான் இங்கிருந்து கண்ணாடியைத் தட்டுகிறேன். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். அவன் சைக்கிள்களோடு சரிந்தான். விழுந்தவனை விட்டுவிட வேண்டியதுதானே. விடவில்லை. நம் ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருத்தன்கூடப் பிடிக்கவில்லை. நான் கீழே இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மார்ச் 28

நெட்டையனுக்கு இடது கண் போய்விட்டது. தம்பியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

ஏப்ரல் 2

பெரிய முதலாளியே கூப்பிட்டார். "அடுக்கி வெச்ச தகடு சரிஞ்சு அந்த வெல்டர் மேல விழுந்துடுச்சும்மா. நம்ம பசங்க அத்தனை பேரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. நீயும் அதையே சொல்லிட்டா தம்பி அடுத்த விமானத்துல வீட்டுக்கு வந்துடுவான்."

அம்மா போனில்: "அவன் உன்னை நம்பி வந்தவன்டி."

ஆமாம், என்னை நம்பித்தான் வந்தான். அவனை என்ன செய்யப் போகிறேன்?

ஏப்ரல் 5

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையன் முகத்தில் பாதியைக் காணோம், துணியால் மூடியிருக்கிறது. திட்டுவான், துப்புவான் என்று நினைத்துப் போனேன். துப்பியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவன் கேட்டது ஒன்றுதான். "என்னோடது ஒண்ணோட முடிஞ்சுதே, மேடம். அவர் ஏன் மறுபடியும் ஆரம்பிச்சார்?"

மொழிபெயர்ப்பாளர் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். செல்லம், விளையாட்டு, ஒரே குடும்பம் — எதைச் சொல்வது அந்த மனுஷனிடம்?

ஏப்ரல் 16

கோர்ட். அடித்தவரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். யார்?

"என் தம்பி."

வரிசை நிற்கக் காரணமான என் வாயைப் பற்றியும் கேட்காமலே சொன்னேன். தம்பி கட்டுப்போட்ட தாடையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘அக்கா’ என்று வாய் அசைந்த மாதிரி இருந்தது. பாவி, நான் அங்கேயே செத்திருக்கலாம்.

ஏப்ரல் 17

வேலை போய்விட்டது. நம் ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் என் கதவில் எச்சில் துப்பிவிட்டுப் போயிருக்கிறான். துடைத்தேன். அம்மா போனை எடுப்பதில்லை.

ஜூன் 8

சிறை. பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். போன வாரமும் இதேதான்.

ஜூலை 20

துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்குப் போகலாம். இவனை இங்கே விட்டுவிட்டு எந்த முகத்தோடு போவது?

செப்டம்பர் 14

இன்று வந்தான். இளைத்துவிட்டான். தாடை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நேரம் முழுவதும் சுவரையே பார்த்தான். நான் ஏதேதோ பேசினேன், கடைச் சூடு, வீட்டு வாடகை என்று. காவலர் வந்து தோளைத் தொட்டதும் எழுந்தான்.

"இங்க ராத்திரி குளிருதுக்கா. அடுத்த தடவை தடிப்பா ஒரு போர்வை கொண்டா."

நான் திரும்பி வருவதற்குள் கடையெல்லாம் அடைத்துவிட்டார்கள். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் வாங்க வேண்டும்.