பறக்கும் தோணியை அனுப்பிவிட்டேன்

என் அண்ணே, போன இடத்திலாவது வயிறாரச் சாப்பிடுகிறாயா?

பாடாங் மேஹாவிலிருந்து உன் தங்கச்சி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியாது, வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்துதான். ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? என்றாவது இது வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும்.

நம் லயத்தில் பாதி வீடுகளின் கதவு திறப்பதே இல்லை. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து பால்வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களுக்கு நடுவே மரவள்ளி போட்டிருக்கிறோம். லாரிச் சத்தம் கேட்டால் மிச்சமிருக்கும் ஆண்கள் பின்பக்கமாகக் காட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். கிழங்கு ஏற்ற வரும் லாரியா, ஆள் ஏற்ற வரும் லாரியா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டோம். சில நாள் தப்பாகச் சொல்லிவிடுகிறோம்.

அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் போன பிறகு நாம் இருவர்தான். என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்ப நீ பால்வாளி தூக்கப் போனாய். உனக்கு எழுத்து வரவில்லை, எனக்கு வந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, மூடிய பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த பழைய நோட்டுகளில் நான் எழுதினேன். சிறகு முளைத்த தோணி ஒன்றை ஓட்டிக்கொண்டு மேகத்துக்கு மேகம் போகும் மரகதம் என்ற பெண்ணின் கதை. நீ படிக்க முடியாதே என்று முதல் தாளில் அந்தத் தோணியைப் படமாகவும் வரைந்தேன்.

வேலை முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல், “இன்னைக்கு எந்த மேகத்துல எறங்குறாங்க?” என்று நீ கேட்பாய். தோணியில் எப்போதும் பசியோடு இருக்கும் சுக்கான்காரனைத்தான் உனக்குப் பிடிக்கும். அவனுக்கு நான் போட்ட சாப்பாடு போதாது என்று என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய்.

ஒரு நாள் உப்பு மடித்து வந்த பத்திரிகைத் தாளை நீ என்னிடம் காட்டினாய். வாசகர்கள் கதை அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன். அனுப்பு என்றாய். ஆயாக்காரி எழுதிய கதையை யார் போடுவார்கள் என்றேன். அதற்கு நீ என்னைப் பார்த்த பார்வையின் வலி இன்னும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வாரம், ஆட்களை நிறுத்தி எண்ணும் காலைப் பெரட்டில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை விரித்துப் பெயர்களை வாசித்தார். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார். வாசிக்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான்காவதாக உன் பெயர் வந்தது. அதிலிருந்து எந்தத் தாளிலும் என் பெயரை எழுத எனக்குக் கை வராமல் போனது.

லாரி வரும் வரை நீ துணி மூட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாய். தோணி புயல் மேகத்துக்குள் நுழைந்த இடத்தில் நான் நிறுத்தி வைத்திருந்தேன். மிச்சத்தையும் படித்துவிடேன் என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

“இது கதை கேக்குற நேரமாண்ணே?”

அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. நீ சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினாய். அதன் பிறகு நோட்டைத் தகரப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். ஆட்கள் காணாமல் போகும் காலத்தில் மேகமும் தோணியும் எழுதியது பாவம் என்றே நினைத்தேன்.

போன மாதம் ஒரு மனிதர் வந்தார். பெயரையும் இப்போது இருக்கும் இடத்தையும் இந்தத் தாளில் எழுத மாட்டேன். சயாமிலிருந்து தப்பி, காடு வழியாக நடந்தே வந்தவர். கால் முழுக்கப் புண். ஆயாக் கொட்டகையின் பின்பக்கம் நின்று, நான்தான் உன் தங்கச்சியா என்று கேட்டார். நீ இல்லை என்பதை அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். நீங்கள் தங்கியிருந்த கம்பத்தில் பேதி நோய் பரவியதாம். காலையில் மண் சுமந்த நீ மறுநாள் மத்தியானம் இல்லையாம். எல்லோரோடும் சேர்த்து உன்னையும் எரித்தார்களாம்.

அழக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

“அந்தத் தோணி என்னாச்சு தங்கச்சி?” என்று கேட்டார்.

எந்தத் தோணி என்றேன்.

வேலை விட்டு வந்து மூங்கில் பரணில் படுத்ததும் நீ கதை சொல்வாயாமே. மரகதம் ஒவ்வொரு மேகத்தில் இறங்கும்போதும் சுக்கான்காரனுக்கு ஒரு விருந்து வைப்பாயாம். அங்கே கிடைத்ததெல்லாம் புழுத்த அரிசியும் நாறிய கருவாடும். ஆனால் மூன்றாவது மேகத்து மீன் குழம்புக்குப் புளி போதாது என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தக் கொஞ்ச நேரம் அடியும் புண்ணும் மறந்திருக்கும் என்றார். புயல் மேகத்துக்கு வந்ததும் நீ நிறுத்திவிடுவாயாம்.

“மிச்சம் என் தங்கச்சிகிட்ட இருக்கு, எனக்கே தெரியாதுன்னுதான் சொல்லுவாரு. அதைக் கேக்கணும்னே நடந்து வந்தேன்லா.”

மிச்சத்தை நான் எழுதவே இல்லை, எனக்கும் தெரியாது என்று சொல்ல அவர் முகத்தைப் பார்த்து மனம் வரவில்லை. மூன்று நாள் கேட்டேன், எழுதிப் படித்துக் காட்டுகிறேன் என்று.

பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். தோணி புயலைத் தாண்டியது. அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், முடிந்ததும், இதை உங்கள் அண்ணன் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நீ காட்டிய பத்திரிகைக்கு அனுப்ப, அன்றே முழுக் கதையையும் படத்தோடு நல்ல தாளில் பிரதி எடுக்க ஆரம்பித்தேன்.

தோட்டத்துக் கடிதமெல்லாம் கிராணி கை வழியாகத்தான் போகும். அதனால் நேற்று கிழங்கு விற்கப் போகும் பெண்களோடு கூலிம் டவுனுக்கு நடந்தேன். டவுனுக்கு முன்னால் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஜப்பான்காரன் ஒருவன், கூடவே மாத்தா என்கிற மலாய் போலீஸ்காரர் ஒருவர். கூடைக்கு அடியில் இருந்த உறையை ஜப்பான்காரன் உருவினான். முதல் தாளில் தோணியின் படம். சிறகின் மேல் விரலை வைத்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

மாத்தா என் காதருகே குனிந்து, “கப்பால் தெர்பாங்கா?” என்று கேட்டார். ஆகாய விமானமா என்கிறார்.

கூட வந்த பெண்கள் என்னைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கதை, பிள்ளைகளுக்கான கதை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டார்.

“நான்தான் எழுதுனேன்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஜப்பான்காரன் படம் இருந்த தாளை மட்டும் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் கூடையில் எறிந்தான். மேலிடத்தில் காட்டவா எடுத்துக்கொண்டான், அவன் ஊரில் இருக்கும் பிள்ளைக்கா? அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை, அண்ணே.

தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, அவன் எடுத்துக்கொண்ட முதல் பக்கத்தை நினைவிலிருந்து எழுதினேன். பத்திரிகையின் விலாசத்தை எழுதி, கீழே என் பெயரை முழுசாக எழுதினேன். உறையைப் பெட்டிக்குள் விட்ட பிறகும் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இன்று பெரட்டில் கிராணி என்னைப் பார்த்தார். தோட்டத்து வாசலில் காலையிலிருந்து ஒரு கார் நிற்கிறது. பத்திரிகையின் பதில் முதலில் வருமா, என்னைக் கொண்டுபோக ஜப்பான்காரர்கள் முதலில் வருவார்களா, தெரியவில்லை.

நோட்டை அந்த மனிதரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் பத்திரமாக வைத்திருப்பார். நான் இங்கே இருந்தாலும் சரி, எங்கே கொண்டுபோனாலும் சரி, படுத்துக் கிடக்கிறவர்களில் ஒருவர் கேட்டால் போதும், அடுத்த மேகத்தைச் சொல்வேன். நேரமில்லை என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
லெட்சுமி