வெளியே போட்ட நாற்காலி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமியாருக்கு மூட்டு வலி தேவலை.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பஞ்சில் சுற்றியிருந்த, உடைந்த பீங்கான் கட்டையின் இரண்டு கறுப்புத் துண்டுகளையும் கடை மேசையில் வைத்து, மோட்டார் சுருள் பார்க்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வெள்ளி பூசி நீ கம்பியைப் பற்றவைத்த இடம் இரண்டு முனையிலும் அப்படியே இருக்கிறது. நடுவில்தான் உடைந்திருக்கிறது.

அன்று உன் ஆய்வுக்கூடத்தில் அது டப்பென்று உடைந்ததும், "பத்தவச்சது சரியில்ல" என்று உன் மேலதிகாரி முன்னால் சொன்னேன். யாரிடமும் போய் நிற்காமல், எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். நீ, "மாமா, கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றாய். வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். உடைந்தது நடுவில். அதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உன் வேலையைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடைத் தையல்காரர், "பீங்கான்ல கரண்டு போகாதே?" என்று மடக்கினார். "இது வேற பீங்கான். திரவ நைட்ரஜன்ல முக்கினா தடையே இல்லாம போகும். என் மருமக அதுல கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஒரு தெருவுக்கான கரண்ட்டைப் பாய்ச்சிப் பாக்கறா" என்றேன். மின்சாரம் அளவோடு வந்தால் விட்டுவிடும், வெள்ளமாக வந்தால் எதிர்த்து நின்று மற்ற இயந்திரங்களைக் காப்பாற்றும் என்றும் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த உன் மாமியார், "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. அது சும்மா இருக்கறப்பவே எதிர்க்கும்" என்றாள். தையல்காரர் சிரித்த சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

இன்னும் இறுக்கி அழுத்திச் சுட்ட புதுக் கட்டை பாதி மின்சாரத்தைத் தாங்கியது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வாரம் முழு மின்சாரம், அதில் உடைந்தால் இந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள், நான் வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய்.

வருகிறேன். வந்ததும் அந்த வெளி நாற்காலியில்தான் உட்காருவேன். நீ வந்து கூப்பிட்டால் உள்ளே வருவேன். கட்டை தாங்கினாலும் உடைந்தாலும் சரி, உன் மேலதிகாரி முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் முன்னால் சொன்னதை அவர் முன்னால்தான் திருத்த வேண்டும்.

நீ நினைத்தது நடக்கட்டும். நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் மாமனார்

பி.கு.: அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. ஸ்பேனர் கொண்டுவருகிறேன்.