கொச்சியில் எந்தத் திசை

ஆகஸ்ட் 7, திங்கள்

விடியற்காலை தொடங்கிய மழை. குடை காரியாலயத்தில். நனைந்து போய், அதை மறுபடி மறந்து நனைந்து வந்தேன்.

கொட்டாஞ்சேனைக் காரியாலயத்துக்குப் புத்தக அட்டை வந்திருக்கிறது. 'இந்தியாவின் யூதத் தொழுகைக்கூடங்கள்'. கீழே எங்கள் பத்திரிகை ஆசிரியர் ம.வின் பெயர். அது மட்டும்.

பதினாலு வாரம் நான் எழுதிய தொடர். அப்போது 'நமது நிருபர்' என்று போட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் என்று பொறுத்தேன். மதராசில் இருந்த காலத்தில் ரயிலேறிப் பார்த்தவை எல்லாம். புனேயில் செங்கல் கோபுரம். கல்கத்தாவில் கதவைத் திறந்துவிட்ட முஸ்லிம் காவலாளி. கொச்சியில் நீலப் பூப்போட்ட தரை, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ம. கடல் தாண்டியதே இல்லை.

"என்ர பேர், சேர்?"

"முன்னுரையில வரும், பிள்ளை."

நாற்பத்து நாலு வயதுப் பிள்ளை. அட்டையோடு வந்திருந்த முன்னுரையைப் பார்த்தேன். மனைவிக்கு நன்றி, மருமகனுக்கு நன்றி.

ஆகஸ்ட் 9, புதன்

வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், அக்காவின் பிரஷர் குளிசை.

புரூஃப் என் மேசைக்கே வந்தது. தான் களவெடுத்ததை என்னையே பிழை திருத்தச் சொல்கிறார்.

பக்கம் 31, கொச்சி. 'தொழுவோர் மேற்கு நோக்கி நிற்பர்' என்று எழுதியிருந்தேன். ஜெருசலேம் இந்தியாவுக்கு மேற்கே. வேறெந்தப் பக்கம் பார்ப்பார்கள்? ம. மேற்கை வெட்டிக் கிழக்கு என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் சிவப்பு மையில்: 'கிழக்கைப் பார்த்தெல்லோ கும்பிடுறது? கவனம்!' காலையில் குளித்துவிட்டுச் சூரியனைக் கும்பிடுகிற மனிதர். யூதரும் அப்படித்தான் என்று முடிவு.

பென்சிலை எடுத்தேன். வைத்தேன். பக்கத்தின் கீழே 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். பல மாதத்துக்குப் பிறகு நல்ல பசி.

ஆகஸ்ட் 10, வியாழன்

புரூஃபை அச்சகத்துக்கு நானே கொண்டுபோனேன். வழியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். அடையாள அட்டை, பை, எல்லாம். ஆமிக்காரன் தாள்களைப் புரட்டி, "மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "பொத்தக்." புத்தகம் என்றேன். நம்பவில்லை, ஆனால் விட்டான்.

அச்சகக் காதர் நானா பக்கம் 31இல் நின்றுவிட்டார். "பிழ போல ஈக்கிதே, தங்கச்சி. நாங்களும் இங்க மேற்கப் பாத்துத்தானே தொழுற? ஜெருசலமும் அந்தப் பக்கம்தானே?"

"அப்பிடியே அடியுங்கோ நானா. சேர் சொன்னது."

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆரோட கோவம்?"

அடுத்த தாளைப் புரட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

நாளை வெளியீடு. அக்கா: "உன்னைக் களவெடுத்தவனுக்குக் கை தட்டப் போறியோ?"

"முன்வரிசையில இருக்கப் போறன்."

"அந்த மாம்பழக் கலர் சீலையைக் கட்டு. நானும் வாறன்."

கேட்கப்போகும் கேள்வியைப் பல் விளக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் எப்படிச் சுருங்கும் என்று யோசித்தே நாள் போனது. இவ்வளவு கெட்ட மனம் எனக்கு எங்கிருந்து வந்தது? வந்தது நல்லது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வெள்ளவத்தை மண்டபம். சனம் நிறைய. ஒருவர் 'கள ஆய்வு' என்று புகழ்ந்தார். ம. தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

கேள்வி நேரம். எழும்பினேன். "சேர், கொச்சியில எந்தப் பக்கம் பார்த்துத் தொழுகினம்?"

"கிழக்கு. எங்களைப் போலத்தான், சூரியனைப் பார்த்து!"

கைதட்டல். அது ஓயும்வரை நின்றேன்.

"ஜெருசலேம் கொச்சிக்குக் கிழக்கையோ, சேர்?"

பின்னாலிருந்து காதர் நானாவின் சிரிப்பு. பிறகு இன்னும் சிலர். ம. கண்ணாடியைத் துடைத்தார். முகம் நான் நினைத்த அளவு சுருங்கவில்லை.

"புரூஃப் பார்த்தது எங்கட செல்வராணிதான். 'சரி' எண்டு அவவின்ர கையெழுத்தே கிடக்கு. சின்னப் பிழை. மன்னிச்சு விடுவம்."

மைக்கில் என் பெயர். முதல் தடவையாக, பிழைக்காரியாக. அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நானே எடுத்துக் கொடுத்த கத்தி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நின்றபடியே சொன்னேன்.

"ஓம் சேர், பிழையைக் கண்டும் திருத்தாமல் விட்டனான். அது என்ர குற்றம். ஆனா முன்னுரையை விட்டா, இந்தப் புத்தகத்தில நீங்கள் எழுதினது அந்த ஒரு சொல்லு மட்டும்தான். மிச்சம் முழுக்க நான் எழுதினது."

ஒருவரும் கை தட்டவில்லை. அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தா, கதிரையில் இருத்த. நான் இருக்கவில்லை.